மின் ஸ்கூட்டர், மின் மிதிவண்டி விமானச் சரக்கில்: பேட்டரியோடு அனுப்பலாமா, கழற்ற வேண்டுமா?

#1 பயணச்சக்கரம்

வணக்கம். வேலை மாறுவதால் குடும்பத்தோடு வேறு நாட்டுக்குப் போகிறோம். வீட்டுச் சாமான்களில் பெரும்பகுதி கப்பலில் போய்விடும். ஆனால் போய் இறங்கியதுமே எனக்கு ஸ்கூட்டர் வேண்டும், மனைவிக்கு மிதிவண்டி வேண்டும். அதனால் இவற்றை மட்டும் விமானச் சரக்கில் அனுப்ப நினைக்கிறேன்.

அனுப்ப வேண்டியவை: மடக்கு மின் ஸ்கூட்டர் ஒன்று (36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி, பேட்டரி கால் வைக்கும் பலகைக்குள் இருக்கிறது, எளிதில் கழற்ற வராது). மின் மிதிவண்டி ஒன்று (48 வோல்ட், 14 ஆம்பியர்-மணி, சாவி போட்டுப் பேட்டரியைத் தனியே எடுக்கலாம்). அப்புறம் மகனுடைய ஹோவர்போர்டு (நின்று ஓட்டும் இருசக்கர மின் பலகை).

விசாரித்த இடங்களில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பேட்டரியைக் கழற்றி அதே பெட்டியில் வைத்தால் போதும் என்கிறார் ஒருவர். கழற்றவே கூடாது என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர், "விளையாட்டுச் சாமான் என்று எழுதிக் கொடுங்கள், பேட்டரி பற்றிப் பேச்சே வேண்டாம், போய்ச் சேர்ந்துவிடும்" என்கிறார். அந்த யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சரியான வழி எது என்றும் தெரியவில்லை. இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

#2 ஏற்புமேசை

நான் விமானச் சரக்கு வாங்கும் இடத்தில் வேலை செய்கிறேன். அபாயச் சரக்குகளைச் சரிபார்த்து ஏற்பதும் மறுப்பதும் எங்கள் மேசையின் பொறுப்பு. உங்கள் மற்ற கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால் மூன்றாமவர் சொன்னதைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து கிளம்பிய யூபிஎஸ் 6 என்ற சரக்கு விமானம், போயிங் 747-400, நடுவானில் தீப்பிடித்தது. விமானிகள் துபாய்க்குத் திரும்ப முயன்றார்கள். விமானி அறைக்குள் புகை நிறைந்து கருவிகளே கண்ணுக்குத் தெரியவில்லை. விமானம் விழுந்தது, இரண்டு விமானிகளும் இறந்தார்கள். லித்தியம் பேட்டரிகள் இருந்த பகுதியில்தான் தீ தொடங்கியிருக்கும் என்ற முடிவுக்கு விசாரணை வந்தது. அந்த அறிக்கையில் இன்னொரு செய்தியும் உண்டு. ஏற்றிய சரக்குகளில் குறைந்தது மூன்று, அபாயச் சரக்கு என்று அறிவித்து அனுப்பியிருக்க வேண்டிய லித்தியம் அயன் பேட்டரிகள். அவை அப்படி அறிவிக்கப்படவில்லை.

அறிவித்த சரக்கு எங்கே அடுக்கப்பட்டிருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பது கேப்டன் கையில் எழுத்தில் இருக்கும். நோட்டாக் என்போம். புகை எச்சரிக்கை வந்தால் அவர் எடுக்கும் முடிவு அந்தத் தாளைப் பொறுத்தது. ‘விளையாட்டுச் சாமான்’ என்று எழுதிய பெட்டி அந்தத் தாளில் இருக்காது. எந்தப் பெட்டியோடு சேர்த்து வைக்கலாம், கூடாது என்று பார்க்கும் எங்களுக்கும் அது தெரியாது. அந்த யோசனை சொன்னவரிடம் எந்தச் சரக்கையும் கொடுக்காதீர்கள்.

#3 சரக்குவழி

அபாயச் சரக்கு பார்க்கும் ஃபார்வர்டர், அதாவது சரக்கை விமான நிறுவனத்திடம் சேர்க்கும் முகவர், அலுவலகத்தில் இருக்கிறேன். பயணச்சக்கரம், உங்களுக்கு இரண்டு பேர் முரணாகச் சொன்னதாகத் தோன்றுவதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டும் அனுமதிக்கப்பட்ட வழிகள்தான், ஆனால் வேறு வேறு எண்ணின் கீழ், வேறு வேறு நிபந்தனைகளோடு.

முதலில் எண்கள். ஒவ்வொரு அபாயச் சரக்குக்கும் ஐநா எண் ஒன்று உண்டு. உங்கள் விஷயத்தில் மூன்று எண்கள் வருகின்றன.

பேட்டரி பொருத்தியபடியே இருக்கும் வண்டி யூஎன் 3556, அதாவது லித்தியம் அயன் பேட்டரியில் ஓடும் வாகனம். இது புதிய எண். முன்பு பேட்டரியில் ஓடும் எல்லா வண்டிக்கும் யூஎன் 3171 ஒன்றுதான். விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டாவின் 2025-ஆம் ஆண்டு விதிப் புத்தகம், அதாவது 66-ஆம் பதிப்பு, லித்தியம் வண்டிகளைத் தனியே பிரித்துவிட்டது. 2025 மார்ச் 31 வரை பழைய எண்ணையும் ஏற்றுக்கொண்டார்கள், அதோடு சரி. இன்னமும் உங்கள் ஸ்கூட்டருக்கு 3171 என்று யாராவது எழுதித் தந்தால், அவர் பழைய புத்தகத்தை வைத்திருக்கிறார் என்று பொருள்.

பேட்டரியைக் கழற்றி, அதே வெளிப்பெட்டிக்குள் தனியாகப் பொதிந்து வண்டியோடு அனுப்பினால் அது யூஎன் 3481, ‘சாதனத்தோடு பொதியப்பட்ட பேட்டரி’. பேட்டரியை மட்டும் தனிப் பெட்டியில் அனுப்பினால் யூஎன் 3480. இந்தக் கடைசி வகை 2016 ஏப்ரல் 1 முதல் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏறவே முடியாது. சரக்கு விமானம் மட்டும்தான், அதுவும் 30 சதவீதச் சார்ஜுக்கு மேல் இருக்கக் கூடாது.

உங்கள் ஸ்கூட்டருக்குக் கேள்வியே இல்லை. பேட்டரி உள்ளேயே இருக்கட்டும், 3556, எப்படிப் பொதிவது என்று சொல்லும் பேக்கிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் 952. பலகையைப் பிரித்துப் பேட்டரியை வெளியே எடுக்க முயலாதீர்கள். வயரைத் துண்டித்து, முனைகளை மூடி, தனியே பொதிவது வீட்டில் செய்கிற வேலை அல்ல.

மிதிவண்டிக்கு நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். பேட்டரியைச் சட்டத்திலேயே பூட்டி விட்டால் அதுவும் 3556. கழற்றினால் 3481, இன்ஸ்ட்ரக்‌ஷன் 966. பலரும் கழற்றுவதுதான் பாதுகாப்பு, அதனால் எளிது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது கூடுதல் வேலை. 48 வோல்ட் × 14 ஆம்பியர்-மணி = 672 வாட்-மணி, பேட்டரியின் ஆற்றல் அளவு இது. 100 வாட்-மணிக்கு மேல் போய்விட்டதால் சிறிய பேட்டரிகளுக்கான சலுகை எதுவும் கிடைக்காது. ஐநா முத்திரை பெற்ற பெட்டியில் பொதிய வேண்டும். ஒரு பெட்டியில் பேட்டரியின் எடை பயணிகள் விமானமானால் 5 கிலோ, சரக்கு விமானமானால் 35 கிலோ வரைதான். வண்டியோடு பூட்டியே அனுப்பினால் பேட்டரிக்கென்று தனி முத்திரைப் பெட்டி தேவையில்லை.

இரண்டு வழியிலும் ஷிப்பர்ஸ் டிக்ளரேஷன், அதாவது அனுப்புபவர் தரும் அபாயச் சரக்கு அறிவிப்பு, வேண்டும். சிவப்புக் கோடு போட்ட விளிம்போடு வரும் படிவம். அதில் கையெழுத்துப் போடுபவர் அதற்குரிய பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். அந்தப் பயிற்சியும் 24 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆகவே நீங்களே நிரப்பிக் கொடுக்க முடியாது. பயிற்சி பெற்ற ஃபார்வர்டரோ பேக்கிங் நிறுவனமோ தேவை. செலவில் கணிசமான பங்கு இங்கேதான் போகும்.

#4 தர்க்கன்

மன்னிக்கவும், இவ்வளவு பயமுறுத்தல் தேவையா என்று கேட்கத் தோன்றுகிறது. ஒவ்வொரு பயணிகள் விமானத்திலும் நூற்றுக்கணக்கான கைப்பேசிகள், மடிக்கணினிகள் ஏறுகின்றன. எல்லாமே லித்தியம்தான். அதற்கெல்லாம் டிக்ளரேஷன் இல்லை. ஒரு ஸ்கூட்டருக்கு மட்டும் ஏன்?

#5 செல்பேக்

தர்க்கன், நியாயமான கேள்வி. நான் பேட்டரி பேக் பழுது பார்ப்பவன், அந்தக் கோணத்தில் சொல்கிறேன்.

முதல் வேறுபாடு அளவு. கைப்பேசி பேட்டரி ஏறத்தாழ 15 வாட்-மணி. மடிக்கணினி 50, 60 இருக்கும். பயணச்சக்கரத்தின் மிதிவண்டி 672. அதற்குள் செல்கள் எனப்படும் சிறு மின்கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. ஒரு செல் உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் அது சூடாகும். ஏறத்தாழ 130 டிகிரியில் உள்ளே இருக்கும் பிரிப்பான் படலம் உருகிவிடும், நேர்முனையும் எதிர்முனையும் நேரடியாகத் தொட்டுக்கொள்ளும். அதற்கப்புறம் வெப்பம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. தெர்மல் ரன்அவே என்பது இதுதான். அந்தச் சூடு பக்கத்துச் செல்லைத் தள்ளிவிடும், அது அதற்கடுத்ததை. கைப்பேசியில் இது ஒரே செல்லோடு முடிந்துவிடும். மிதிவண்டி பேக்கில் ஐம்பதுக்கும் மேற்பட்ட செல்கள் வரிசையில் இருக்கலாம்.

இரண்டாவது, இடம். கைப்பேசி உங்கள் கையில் இருக்கிறது. புகைந்தால் உடனே தெரியும், பணிப்பெண் தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பார். உதிரிப் பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும் என்பதும் இதனால்தான். சரக்கு அறையில் யாரும் இல்லை. பயணிகள் விமானத்தின் கீழ்ச் சரக்கு அறையில் ஹேலான் வாயு உண்டு. அது தீச்சுவாலையை அடக்கும். ஆனால் செல்லுக்குச் செல் வெப்பம் தாவுவதை நிறுத்தாது என்று அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ நடத்திய சோதனைகள் காட்டின. வெந்துபோன செல்லிலிருந்து வரும் வாயுவில் ஹைட்ரஜனும் இருக்கிறது. அது அறைக்குள் சேர்ந்தால் வெடிக்கவும் செய்யும். பெரிய சரக்கு விமானங்களின் மேல்தளத்தில் பொதுவாக ஹேலான்கூடக் கிடையாது. அங்கே அழுத்தத்தைக் குறைத்துக் காற்றைப் பட்டினி போடுவதுதான் உத்தி. மரமோ காகிதமோ எரிந்தால் அது பலன் தரும். லித்தியம் அயன் செல் சூடேறினால் அதன் நேர்முனைப் பொருளே ஆக்சிஜனை வெளியிடுகிறது.

அதனால்தான் சார்ஜ் அளவு முக்கியம். முழுச் சார்ஜில் இருக்கும் செல்லும் 30 சதவீதத்தில் இருக்கும் செல்லும் ஒரே மாதிரி பற்றுவதில்லை. குறைந்த சார்ஜில் ரன்அவே தொடங்குவதே கடினம். தொடங்கினாலும் பக்கத்துச் செல்லுக்குத் தாவும் வேகமும் வாய்ப்பும் குறைவு. இந்தத் துறையில் வந்த விதிகளிலேயே பயன் நேரடியாகத் தெரியும் விதி இதுதான் என்பது என் கருத்து.

#6 தர்க்கன்

விளக்கத்துக்கு நன்றி. அளவும் இடமும் சேர்ந்தால்தான் பிரச்சினை என்பது புரிகிறது. ஹேலான் இருந்தால் போதும் என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன்.

#7 பயணச்சக்கரம்

எல்லோருக்கும் நன்றி. எண்கள் ஓரளவு பிடிபட்டுவிட்டன. இன்னும் சில சந்தேகங்கள்.

அந்த 30 சதவீதம் வண்டிக்கும் பொருந்துமா, தனிப் பேட்டரிக்கு மட்டுமா? பொருந்துமென்றால் எப்படி அளப்பது? ஸ்கூட்டரில் சதவீதம் காட்டும், மிதிவண்டியில் ஐந்து கட்டங்கள் மட்டும்தான். ‘38.3 சோதனைச் சுருக்கம்’ வேண்டும் என்று ஒரு நிறுவனம் கேட்கிறது, அது என்ன? ஹோவர்போர்டின் அடியில் எந்த எழுத்தும் இல்லை, இருந்த ஸ்டிக்கர் தேய்ந்துவிட்டது. மிதிவண்டிப் பேட்டரியை மட்டும் நாங்கள் கைப்பையில் எடுத்துப் போக முடியுமா?

#8 சரக்குவழி

கடைசியிலிருந்து வருகிறேன். கைப்பையில் முடியாது. பயணி கொண்டுபோகும் உதிரிப் பேட்டரி 100 வாட்-மணி வரை தாராளமாகப் போகலாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு இரண்டு வரை. 160-க்கு மேல் கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. உங்களுடையது 672.

வண்டிக்குச் சார்ஜ் வரம்பு: 2025-இல் பரிந்துரையாக இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் 100 வாட்-மணிக்கு மேற்பட்ட பேட்டரி கொண்ட வண்டிக்குக் கட்டாயம். பேட்டரியின் சார்ஜ் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அல்லது வண்டியின் திரை காட்டும் அளவு 25 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கழற்றிப் பொதியும் 3481-க்கும் அதே தேதியிலிருந்து 30 சதவீதம் கட்டாயம். அதற்கு மேல் அனுப்ப வேண்டுமானால் புறப்படும் நாட்டின் அரசும் விமான நிறுவனத்தின் நாட்டு அரசும் எழுத்தில் அனுமதி தர வேண்டும். வீட்டு வண்டிக்காக யாரும் அந்த வழியில் போக மாட்டார்கள்.

38.3 என்பது ஐநாவின் சோதனைக் கையேட்டில் வரும் ஒரு பிரிவு. எந்த லித்தியம் பேட்டரியும் அதில் தேறாமல் சட்டப்படி பயணம் செய்ய முடியாது. மொத்தம் எட்டுச் சோதனைகள்: உயரத்தில் இருக்கும் குறைந்த காற்றழுத்தம், 72 டிகிரிக்கும் மைனஸ் 40 டிகிரிக்கும் இடையே மாறி மாறி வைப்பது, அதிர்வு, மோதல் அதிர்ச்சி, வெளி ஷார்ட், நசுக்கல், அதிகச் சார்ஜ், கட்டாயமாகக் காலியாக்குதல். இவற்றில் எது எந்தப் பேட்டரிக்குப் பொருந்தும் என்பது வகையைப் பொறுத்தது. தேறியதைச் சொல்லும் ஓரிரு பக்கத் தாள்தான் சோதனைச் சுருக்கம். 2020 ஜனவரி 1 முதல் தயாரிப்பாளரும் விற்பவரும் அதைக் கேட்பவருக்குத் தர வேண்டும் என்பது விதி. உங்கள் வண்டியின் மாடல் எண்ணோடு அல்ல, பேட்டரியின் மாடல் எண்ணோடு தேடுங்கள். பல தயாரிப்பாளர்கள் தங்கள் தளத்தில் ஆதரவுப் பக்கத்துக்குள் வைத்திருக்கிறார்கள். கிடைக்காவிட்டால் பேட்டரி லேபலைப் படமெடுத்து மின்னஞ்சலில் கேளுங்கள்.

ஹோவர்போர்டை விட்டுவிடுங்கள். லேபல் இல்லை, வாட்-மணி தெரியாது, தயாரிப்பாளர் யாரென்று தெரியாது, ஆகவே சோதனைச் சுருக்கமும் வராது. நான் வாங்க மாட்டேன். ஏற்புமேசையும் வாங்க மாட்டார்.

#9 ஏற்புமேசை

வாங்க மாட்டேன். 2015 கடைசியில் விமான நிறுவனங்கள் வரிசையாக ஹோவர்போர்டைத் தடை செய்தது பலருக்கு நினைவிருக்கும். அப்போது வந்த பல பலகைகளில் பேட்டரியில் எதுவும் எழுதியிருக்காது, அல்லது எழுதியிருந்தது நம்பும்படி இருக்காது. 2016 ஜூலையில் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் ஹோவர்போர்டுகள் தீ அபாயத்தால் திரும்பப் பெறப்பட்டன. அதே ஆண்டில்தான் அவற்றின் மின் அமைப்புக்கென்று யூஎல் 2272 என்ற தரநிலை வந்தது. லேபலோடும் தாளோடும் வரும் பலகை இப்போது உண்டு, அதைச் சரக்காக 3556-இல் ஏற்கலாம். எழுத்தே இல்லாத பலகையை எந்தப் பெயரிலும் ஏற்க முடியாது.

#10 செல்பேக்

சார்ஜ் அளப்பது பற்றி. திரை சதவீதம் காட்டினால் 25-க்குள் கொண்டுவந்து, வண்டியை அணைப்பதற்கு முன்னால் தேதியோடு ஒரு படம் எடுத்து வையுங்கள். கட்டம் மட்டும் காட்டும் மிதிவண்டிக்குப் பல தயாரிப்பாளர்கள் கைப்பேசிச் செயலி தருகிறார்கள், அதில் சதவீதம் வரும். செயலியும் இல்லையென்றால் நல்ல மிதிவண்டிப் பட்டறையில் தயாரிப்பாளரின் மென்பொருளில் இணைத்துப் பார்த்துத் தாளாகவே கொடுப்பார்கள். மல்டிமீட்டரில் வோல்ட் பார்த்துச் சதவீதம் கணக்குப் போடுவது தோராயம்தான். அதிலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியானால் நடுவில் வோல்ட் கிட்டத்தட்ட மாறாமலே நிற்கும், ஒன்றுமே தெரியாது.

சார்ஜைக் குறைக்க நல்ல வழி ஓட்டுவது. விளக்கைப் போட்டு வைப்பதும் சரி. வயரைப் பிரித்து எதையாவது இணைத்து வடிக்க வேண்டாம். அதற்காக முழுதும் காலியாக்கியும் விடாதீர்கள். பூஜ்யத்தில் வைத்த பேக்கை உள்ளே இருக்கும் மின்னணுப் பலகை இன்னும் சொட்டுச் சொட்டாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். செல் வரம்புக்குக் கீழே போனால் உள்ளே செம்பு கரையத் தொடங்கும். அப்புறம் சார்ஜ் ஏற்றும்போது ஷார்ட் ஆகும் வாய்ப்பு வருகிறது. 20-க்கும் 25-க்கும் இடையில் நிறுத்துங்கள். சில வாரம் கிடங்கில் கிடந்தாலும் தாங்கும்.

#11 கயல்

இடையில் ஒரு கேள்வி. அம்மாவுக்கு மின் சக்கர நாற்காலி இருக்கிறது. அடுத்த மாதம் என்னோடு விமானத்தில் வருகிறார். அதற்கும் இந்த 3556, டிக்ளரேஷன் எல்லாம் வேண்டுமா? படித்ததும் மனம் பதறிவிட்டது.

#12 ஏற்புமேசை

பதற வேண்டாம் அம்மா. நடக்க முடியாதவர் தன்னோடு கொண்டுவரும் நாற்காலிக்கு வேறு விதி. அது சரக்கு அல்ல, பயணியின் உதவிச் சாதனம். டிக்ளரேஷன் கிடையாது. ஆனால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்க வேண்டும். பேட்டரி வகை, வாட்-மணி, நாற்காலியின் எடை, நீள அகலம் எல்லாம் கேட்பார்கள். டிக்கெட் போட்ட அன்றே சொல்லிவிடுங்கள், விமான நிலையத்தில் போய்ச் சொன்னால் அலைச்சல்.

பேட்டரி நாற்காலிக்குள் பத்திரமாகப் பொருத்தப்பட்டிருந்தால் அப்படியே ஏற்றுவோம், தற்செயலாக ஓடாதபடி அணைத்துவிட்டால் போதும். மடக்கு நாற்காலியில் பேட்டரியைக் கழற்றும் அமைப்பு இருந்தால் கழற்றி, முனைகளை மூடி, உங்கள் கைப்பையில் விமானத்துக்குள் கொண்டுபோக வேண்டும். அந்தப் பேட்டரி 300 வாட்-மணிக்கு மேல் இருக்கக் கூடாது. உதிரியாக 300 வரை ஒன்று, அல்லது 160 வரை இரண்டு.

நாற்காலியைக் கொடுக்கும்போது எப்படி அணைப்பது, பிரேக்கை எப்படி விடுவிப்பது என்று பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி இருக்கையில் ஒட்டுங்கள். இது என் சொந்த வேண்டுகோள். சக்கர நாற்காலிகள் உடைவதில் பாதி, எப்படித் தள்ளுவது என்று தெரியாமல் தூக்குவதால் வருகிறது என்றே நினைக்கிறேன்.

நாற்காலியை மட்டும் தனியே அனுப்பினால், பயணி கூட வராவிட்டால், லித்தியம் பேட்டரி நாற்காலி 3556 சரக்குதான். விதி எல்லாம் பொருந்தும்.

#13 கயல்

மிக்க நன்றி ஐயா. இன்றே அழைத்துப் பேசிவிடுகிறேன்.

#14 மேட்டுப்பாதை

இதே இழையில் கேட்டுவிடுகிறேன். என் ஸ்கூட்டர் மழைநீரில் மூழ்கிப் பிறகு சார்ஜ் ஏறும்போது சூடாகிறது. உத்தரவாதக் காலம் இருக்கிறது. தயாரிப்பாளர் வேறு நாட்டில். விமானத்தில் திருப்பி அனுப்புங்கள் என்று அவர்களின் வாடிக்கையாளர் பிரிவு எழுதியிருக்கிறது. சார்ஜைக் குறைத்துவிட்டால் முடியுமா?

#15 சரக்குவழி

முடியாது. சார்ஜ் எவ்வளவு இருந்தாலும் முடியாது. பாதுகாப்புக் காரணத்துக்காகக் குறையுள்ளது என்று தெரிந்த பேட்டரி, அடிபட்ட பேட்டரி, சூடாகவோ ஷார்ட்டாகவோ வாய்ப்புள்ள பேட்டரி, இவை விமானத்தில் முற்றிலும் தடை. ஐயாட்டா புத்தகத்தில் ஏ154 என்ற சிறப்பு விதி. சரக்கு விமானத்திலும் இல்லை. தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் பிரிவு எழுதித் தந்தது அனுமதி ஆகாது. இந்த விதி எண்ணைக் குறிப்பிட்டு அவர்களுக்குப் பதில் எழுதுங்கள். தரைவழியில் கொண்டுபோவதற்கும் குறையுள்ள பேட்டரிக்கென்று தனிப் பொதிமுறை இருக்கிறது. பெரும்பாலும் படங்களை வைத்தே மாற்றுத் தந்துவிட்டு, பழையதை உள்ளூரிலேயே முறையாக அழிக்கச் சொல்வார்கள்.

#16 செல்பேக்

மேட்டுப்பாதை, அதை அனுப்புவது இருக்கட்டும், முதலில் சார்ஜரைப் பிடுங்குங்கள். வீட்டுக்குள் வைக்காதீர்கள். வாசல் வழியை மறைக்காத, எரியும் பொருள் பக்கத்தில் இல்லாத திறந்த இடத்துக்குக் கொண்டுபோங்கள். தண்ணீர் புகுந்த பேக் பல நாள் சும்மா இருந்துவிட்டும் பற்றியதுண்டு. உள்ளே அரிப்பு மெதுவாக நடந்துகொண்டே இருக்கும்.

இன்னொன்றும் இங்கேயே சொல்ல வேண்டும். பழைய பேக்கில் புதுச் செல் போட்டுக் கொடுங்கள் என்று பலர் வருகிறார்கள், செய்தும் தருகிறேன், தரையில் ஓட்டுவதற்கு. ஆனால் அந்தப் பேக் இனி விமானத்தில் போகாது என்று சொல்லியே கொடுக்கிறேன். 38.3-இல் தேறியது தயாரிப்பாளர் வடிவமைத்த பேக். செல்லை மாற்றி, கொள்ளளவைக் கூட்டி, வேறு மின்னணுப் பலகை போட்டால் அந்தச் சோதனை இதற்குப் பொருந்தாது. பேக்கின் ஆற்றல் 20 சதவீதத்துக்கு மேல் மாறினாலே அதை வேறு வகையாகக் கருதி மறுபடி சோதிக்க வேண்டும் என்கிறது கையேடு. தவிர, தர நிர்வாக முறை உள்ள இடத்தில் தயாரானதாக இருக்க வேண்டும் என்றும் விதி. என் பட்டறை அப்படிப்பட்டதல்ல. வெளியே பழைய லேபல் ஒட்டியிருப்பதால் தாள் சரியாகவே தெரியும், உள்ளே இருப்பது வேறு. இந்த இடைவெளி எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

பயணச்சக்கரம், உங்கள் பேக்குகள் மூலப் பேக்குகள்தானே?

#17 பயணச்சக்கரம்

ஆம், இரண்டும் வாங்கியபோது வந்தவை. இதுவரை திறக்கவே இல்லை.

#18 நீலக்கடல்

கப்பலில் ஏற்கெனவே சாமான் போகிறது என்கிறீர்கள். அதிலேயே போடலாமே? சில வாரம் தாமதம், அவ்வளவுதான். கடல்வழியிலும் அதே யூஎன் 3556தான், அங்கும் அறிவிக்க வேண்டும். வீட்டுச் சாமான் கன்டெய்னருக்குள் சொல்லாமல் வைப்பதும் அதே தவறுதான். ஆனால் முறையாக அறிவித்தால் செலவு குறைவு. மறுப்பும் குறைவு.

#19 சரக்குவழி

நீலக்கடல் சொல்வதை ஆமோதிக்கிறேன். அவசரம் இல்லாத வண்டிக்கு நானே கடல்வழியைத்தான் சொல்வேன். இன்னொரு நடுவழியும் உண்டு. பேட்டரி இல்லாத மிதிவண்டி அபாயச் சரக்கே அல்ல. சட்டத்தையும் மோட்டாரையும் சாதாரணச் சரக்காக விமானத்தில் அனுப்பிவிட்டு, அதே மாடல் பேட்டரியைப் போகும் நாட்டில் வாங்கிக்கொள்ளலாம். பெரிய தயாரிப்பாளர்களின் பேட்டரி பல நாடுகளில் கிடைக்கிறது. ஏர்வே பில்லில், அதாவது விமானச் சரக்குச் சீட்டில், ‘பேட்டரி இல்லை’ என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். மோட்டாரைப் பார்த்ததும் எக்ஸ்ரேயில் நிறுத்துவார்கள். பேட்டரி வைக்கும் குழியைத் திறந்து காட்டுகிற மாதிரி ஒரு படத்தையும் சேர்த்துக் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும்.

#20 பயணச்சக்கரம்

வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டோம். மிதிவண்டி பேட்டரி இல்லாமல் சாதாரணச் சரக்காகப் போகிறது. அதே பேட்டரி அங்கே கிடைக்கிறது, விசாரித்துவிட்டேன். இங்கிருக்கும் பேட்டரியைத் தம்பிக்குக் கொடுத்துவிடுவேன், அவனிடம் அதே வண்டி இருக்கிறது. ஹோவர்போர்டு வருவதில்லை. மகனுக்கு வருத்தம்தான், ஆனால் காரணத்தைச் சொன்னதும் கேட்டுக்கொண்டான். ஸ்கூட்டர் மட்டும் 3556-இல் விமானத்தில். சோதனைச் சுருக்கம் தயாரிப்பாளர் தளத்திலேயே கிடைத்தது. ஃபார்வர்டர் ஒருவர் பொதிந்து தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

மேசையில் எதற்காக மறுப்பார்கள் என்று தெரிந்தால் முன்னாலேயே பார்த்துக்கொள்வேன். ஏற்புமேசை ஐயா, சொல்ல முடியுமா?

#21 ஏற்புமேசை

நல்ல முடிவு. மறுப்புகளில் அடிக்கடி வருபவை இவை.

பெட்டி. நிமிர்த்தி வைக்காமல் வேறு வாக்கில் கையாள வாய்ப்புள்ள வண்டி உறுதியான, விறைப்பான வெளிப்பெட்டியில் இருக்க வேண்டும். கடையில் வாங்கியபோது வந்த மெல்லிய அட்டைப்பெட்டி பெரும்பாலும் தேறாது. உள்ளே வண்டி நகரக் கூடாது. பெட்டியை ஆட்டிப் பார்ப்போம், சத்தம் வந்தால் திருப்பி அனுப்புவோம். கைப்பிடி, மிதி போன்றவற்றைக் கழற்றிப் பெட்டிக்குள் வைக்கலாம், பேட்டரியை மட்டும் அதன் இடத்திலேயே விட வேண்டும்.

தானாக ஓடுவது. பயணத்தில் பொத்தான் அமுங்கி மோட்டார் சுற்றினால் அது சூடாகும். ஸ்கூட்டரை அணைத்துவிட்டு, பொத்தானின் மேல் ஏதாவது அழுந்தாதபடி கடினமான மூடி ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். தட்டினால் விழித்துக்கொள்ளும் வசதி உள்ள வண்டிகளில் அந்த வசதியைச் செயலியில் அணைத்துவிடுங்கள். இதை மறப்பவர்கள் அதிகம்.

தாள். டிக்ளரேஷனில் பெயர் ஒரு எழுத்துப் பிசகினாலும் திரும்பிப் போகும். பெட்டியின் மேல் ஐநா எண், பெயர், அனுப்புபவர் முகவரி, பெறுபவர் முகவரி, 9-ஆம் வகுப்பு லேபல் இவை வேண்டும். பழைய லேபல்கள் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. மறுபடி பயன்படுத்திய பெட்டியில் வேறு எண் ஒட்டியிருந்து நின்றுபோன சரக்குகள் பல.

அப்புறம், விமான நிறுவனத்தின் சொந்த விதி. ஐயாட்டா அனுமதித்தாலும் ஒரு நிறுவனம் வண்டிகளையே ஏற்க மாட்டேன் என்று சொல்லலாம், அல்லது முன்னனுமதி கேட்கலாம். நாடுகளுக்கும் அப்படித் தனி விதிகள் உண்டு. வழியில் விமானம் மாறினால் இரண்டு நிறுவனத்தின் விதியையும் பார்க்க வேண்டும். இதை உங்கள் ஃபார்வர்டரிடம் முன்பதிவுக்கு முன்னால் கேளுங்கள்.

சார்ஜ் அளவுக்கான படத்தைத் தாள்களோடு சேர்த்து வையுங்கள். எல்லா மேசையிலும் கேட்க மாட்டார்கள். நான் கேட்பேன்.

#22 பயணச்சக்கரம்

தட்டினால் விழிக்கும் வசதி என் ஸ்கூட்டரில் இருக்கிறது. இன்றே அணைத்துவிட்டேன். ஃபார்வர்டரிடம் மூடி பற்றியும் சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

#23 ஆலமரம்

பயனுள்ள இழை. ஒரே ஒரு கேள்வி. அப்பாவிடம் பழைய மூன்று சக்கர மின் வண்டி இருக்கிறது, ஈயப் பேட்டரி. இப்போது சோடியம் அயன் பேட்டரியில் புது வண்டிகளும் வருகின்றன. இவையும் 3556தானா?

#24 சரக்குவழி

இல்லை. ஈய-அமிலப் பேட்டரி வண்டி பழைய யூஎன் 3171-லேயே இருக்கிறது. சோடியம் அயன் வண்டிக்குப் புது எண், யூஎன் 3558. மறுபடி சார்ஜ் ஏறாத லித்தியம் உலோக பேட்டரியில் ஓடும் வண்டி 3557. நான்குக்கும் பேக்கிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் ஒன்றுதான், 952. ஆனால் உள்ளே பேட்டரி வகைக்கு ஏற்ப நிபந்தனைகள் மாறும். ஆகவே அப்பாவின் வண்டிப் பேட்டரியின் லேபலைப் படமெடுத்து ஃபார்வர்டருக்கு முதலில் அனுப்பிவிடுங்கள். அமிலம் ஊற்றும் வகையா, கசியாத மூடிய வகையா என்பது அதில் இருக்கும். அவர் அடுத்துக் கேட்கப்போவதும் அதைத்தான்.